மட்டையாட்டமும் புள்ளியியலும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டைப் பற்றியது போலத் தோன்றும். உண்மையில் அது எண்களைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், ஓர் எண்ணை நம்புவதற்கு முன்னால் அதனிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றியது. ஒருவர் நம்மிடம் வந்து வாய்ச்சொல்லாக ஒன்றைச் சொன்னால், "அப்படியா, எப்படித் தெரியும்?" என்று கேட்கிறோம். அதையே எண்ணாக மாற்றி, புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களும் சேர்த்துச் சொன்னால் தலையசைத்து விடுகிறோம். இந்தத் தலையசைப்பினால் எனக்கு நேர்ந்த ஒரு பிழையையும் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு பண்ணைக்காரர் ஆயிரம் கோழிகளைக் கூண்டில் ஏற்றினார் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் நூறு கோழிகள் இறந்துவிட்டன, தொள்ளாயிரம் இருக்கின்றன. இன்றைக்கு 810 முட்டைகள் கிடைத்தன. உயிரோடு இருக்கும் கோழிகளால் வகுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு. முதலில் ஏற்றிய கோழிகளால் வகுத்தால் நூற்றுக்கு எண்பத்தொன்று. இரண்டு கணக்கும் சரி. இரண்டையும் பண்ணைத் தொழிலில் வழங்குகிறார்கள். இருக்கின்ற கோழிகள் இன்று நலமாக இருக்கின்றனவா என்று அறிய முதற்கணக்கு உதவும். போட்ட முதல் திரும்புமா என்று அறிய இரண்டாம் கணக்கு வேண்டும். இறந்த கோழிகளுக்கும் பணம் கொடுத்துத்தானே வாங்கினோம்! ஆகவே வகுக்கும் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் ஒரு கேள்வியையும் தேர்ந்தெடுத்து விடுகிறோம். பலர் இதை உணர்வதில்லை.

இனி ஆட்டத்திடலுக்குச் செல்வோம். கிரிக்கெட்டில் மட்டையாளரின் திறமைக்குப் பழமையான அளவுகோல் அவருடைய சராசரி. எடுத்த ஓட்டங்களை எத்தனை முறை ஆடினார் என்பதால் வகுப்பதில்லை. எத்தனை முறை ஆட்டமிழந்தார் என்பதால் வகுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மன் டெஸ்ட் ஆட்டங்களில் 80 முறை மட்டை பிடித்து 6,996 ஓட்டங்கள் எடுத்தார். 10 முறை ஆட்டமிழக்காமல் நின்றார். எனவே 70-ஆல் வகுத்து 99.94 என்கிறோம். 1948-இல் தம் கடைசி ஆட்டத்தில் நான்கே ஓட்டங்கள் எடுத்திருந்தால் அது சரியாக நூறாகியிருக்கும். அன்று அவர் ஓட்டமின்றி வெளியேறினார். அந்த 6,996 ஓட்டங்களையே 80-ஆல் வகுத்தால் 87.45 வரும். எப்படி வகுத்தாலும் பிராட்மன் பிராட்மனே. மலையைக் கோலால் அளந்தாலும் கயிற்றால் அளந்தாலும் அது மலைதான்.

ஆனால் மேட்டையும் மலையாகக் காட்டிவிடும் ஆற்றல் இந்தச் சராசரிக்கு உண்டு. 1953-இல் ஆஸ்திரேலிய அணி இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தபோது பில் ஜான்ஸ்டன் என்ற பந்துவீச்சாளர் கடைசி ஆளாக மட்டை பிடித்தார். 17 முறை களமிறங்கி 16 முறை ஆட்டமிழக்காமல் திரும்பினார். மொத்தம் 102 ஓட்டங்கள். ஆட்டமிழந்தது ஒரே முறை. ஆகவே அவருடைய சராசரி 102! ஒரு முறைக்கு ஆறு ஓட்டங்கள் எடுத்தவர், கணக்குப் புத்தகத்தில் பெரும் மட்டையாளர்களுக்கெல்லாம் மேலே ஏறி நின்றார். அவரே இதை ஒரு வேடிக்கையாகத்தான் கொண்டிருப்பார். நான் அப்படிக் கொள்ளவில்லை. அதுதான் என் பிழை.

நான் ஆசிரியப் பணிக்கு வந்த புதிது. சேலம், நாமக்கல் சமவெளியில் ஏரியில் நீர் வற்றினால் அது ஆட்டத்திடலாகிவிடும். இளைஞர்கள் கோடை முழுவதும் அங்கேதான் இருப்பார்கள். அப்படி ஆடிப் பழகிய மாணவர்களைக் கொண்ட ஓர் அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. குறிப்பிட்ட ஓவர்களுக்குள் முடியும் போட்டி அது. கடைசி இடம் ஒன்றுக்கு இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். தேர்வுக்குழுவில் கருத்து வேறுபாடு எழுந்தது. "நீங்கள் புள்ளியியல் படித்தவர், கணக்கைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆட்டக் குறிப்பேட்டை வாங்கி இரவே சராசரி கண்டேன். உயர்ந்த சராசரி உடையவன் பெயரைச் சொன்னேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்த இருவரின் கணக்கு எப்படிப்பட்டது என்பதை எளிய எண்களில் அமைத்துச் சொல்கிறேன். முதல் மாணவன் பத்து முறை ஆடி, ஆறு முறை ஆட்டமிழக்காமல் நின்று, 160 பந்துகளில் 120 ஓட்டங்கள் எடுத்தான் என்று கொள்ளுங்கள். இரண்டாமவன் பத்து முறை ஆடி, பத்து முறையும் ஆட்டமிழந்து, 150 பந்துகளில் 180 ஓட்டங்கள் எடுத்தான். சராசரிப்படி முதல்வனுக்கு 30, இரண்டாமவனுக்கு 18. ஆனால் ஒரு முறைக்கு எத்தனை என்று பார்த்தால் முதல்வனுக்கு 12, இரண்டாமவனுக்கு 18. நூறு பந்துக்கு எத்தனை என்று பார்த்தால் முதல்வனுக்கு 75, இரண்டாமவனுக்கு 120. மூன்று அளவுகோலில் இரண்டு ஒருவனையும் ஒன்று மற்றவனையும் உயர்த்துகின்றன. நான் எடுத்தது அந்த ஒன்றை.

விடப்பட்ட மாணவனிடம் செய்தியை நானே சொன்னேன். அவன் வருந்தினான், ஆனால் வாதாடவில்லை. "கணக்குப் பார்த்துத்தானே ஐயா எடுத்தீர்கள்? அப்படியானால் சரியாகத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு அவன் ஆட வரவில்லை. படிப்பு முடிந்ததும் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். வேறொரு வகையாகத் திட்டியிருந்தால்கூட நான் மறந்திருப்பேன். எண்ணின் மேல் அவன் வைத்த நம்பிக்கையை என்னால் மறக்க இயலவில்லை. என் வகுத்தலில் தவறில்லை. கேட்ட கேள்வி தவறு. அணிக்கு ஓட்டம் சேர்ப்பவன் யார் என்று கேட்க வேண்டிய இடத்தில், எளிதில் ஆட்டமிழக்காதவன் யார் என்று கேட்டுவிட்டேன்.

இந்தக் கேள்வியை முறையாக எழுப்பி விடை தேடியவர்கள் கடல் கடந்த நாட்டில், வேறோர் ஆட்டத்தில் இருந்தார்கள். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டம் நம் கிரிக்கெட்டுக்கு உறவு. அங்கே கணக்கெழுதும் முறையை வளர்த்த ஹென்றி சாட்விக் 1824-இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; கிரிக்கெட்டை அறிந்தவர்; கிரிக்கெட் ஆட்டங்களைப் பற்றிச் செய்தி எழுதியவர். பேஸ்பாலில் நிலைபெற்ற அடிச் சராசரி, மட்டையாளர் அடித்துத் தளமேறிய முறைகளை அடிக்க வாய்த்த முறைகளால் வகுப்பது. எறிபவர் சரியான இடத்தில் எறியாத நான்கு பந்துகளை அடிக்காமல் பொறுத்து விட்டுவிட்டால், மட்டையாளர் நடந்தே முதல் தளத்தை அடையலாம். அந்தப் பொறுமை இந்தச் சராசரியில் சேராது. ஒரு தளத்துக்குப் போதுமான சிற்றடியும், எல்லைக்கு அப்பால் விழுந்து நான்கு தளத்தையும் ஈட்டித் தரும் பேரடியும் அதில் ஒன்றாகவே எண்ணப்படும். பத்துக் காசையும் ஒரு ரூபாயையும் "ஒரு நாணயம், ஒரு நாணயம்" என்று எண்ணுவது போன்றது இது.

இந்தக் குறையை அங்கே சிலர் முன்னரே கண்டார்கள். 1916-இல் எஃப். சி. லேன் என்ற பத்திரிகையாளர் அடிச் சராசரியைக் கடுமையாகக் குறைகூறி எழுதினார். 1947-இல் புரூக்ளின் அணி ஆலன் ராத் என்பவரைக் கணக்காய்வாளராக அமர்த்திக்கொண்டது. 1977-இல் பில் ஜேம்ஸ் என்ற இளைஞர் தம் முதல் ஆய்வுத் தொகுப்பை வெளியிட்டார். அவர் பெரிய பல்கலைக்கழகத்தில் பதவி வகித்தவர் அல்லர். உணவை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்றில் இரவுக் காவல் பார்த்தவர். அவர்கள் புதிதாக ஆராய்ந்த அளவுகோல்களுள் இரண்டு முக்கியமானவை. எவ்வழியிலாயினும் மட்டையாளர் எத்தனை விழுக்காடு முறை தளமேறினார் என்பது ஒன்று. அடிகளால் ஈட்டிய மொத்தத் தளங்கள் எத்தனை என்பது மற்றொன்று.

எது சிறந்தது என்று எப்படித் தீர்ப்பது? இங்கேதான் புள்ளியியல் நடுவராக வருகிறது. சேர்வராயன் மலையில் மழை பெய்தால் திருமணிமுத்தாற்றில் நீர் பெருகுகிறது. மழை மிகுந்தால் நீர் மிகும், குறைந்தால் குறையும். இவ்வாறு இரண்டு அளவுகள் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை ஒரே எண்ணால் சொல்வது ஒட்டுறவுக் கெழு. பிரான்சிஸ் கால்டன் தொடங்க, கார்ல் பியர்சன் செம்மைப்படுத்திய கருவி அது. முற்றும் இசைந்து சென்றால் ஒன்று. ஒன்று ஏற மற்றது முற்றும் எதிராக இறங்கினால் கழித்தல் ஒன்று. தொடர்பே இல்லையெனில் பூச்சியம். அணிகள் பலவற்றை எடுத்துக்கொண்டு, ஒரு வரிசையில் ஒவ்வோர் அணியின் அளவுகோலையும், எதிர் வரிசையில் அந்த அணி பருவம் முழுவதும் எடுத்த ஓட்டங்களையும் எழுத வேண்டும். எந்த அளவுகோலின் கெழு ஒன்றுக்கு அருகில் நிற்கிறதோ அதுவே ஓட்டத்துக்கு நெருங்கிய உறவு.

இவ்வாறு பார்த்தபோது, நூறாண்டு போற்றப்பட்ட அடிச் சராசரி பின்தங்கியது. தளமேறும் விகிதமும் மொத்தத் தள விகிதமும் அதனை முந்தின. இரண்டையும் கூட்டிய எண் அவற்றையும் முந்தியது. காரணமும் தெளிவு. ஒரு பேஸ்பால் அணிக்கு ஒன்பது பகுதிகளிலும் சேர்த்து 27 ஆட்டமிழப்புகளே செல்வம். அதைச் செலவழிக்காமல் தளமேறுபவன் அணியின் கருவூலத்தைக் காக்கிறான். இந்த உண்மையைக் கைக்கொண்ட ஓக்லண்ட் அணி, செல்வம் மிகுந்த அணிகளுக்கு நடுவே குறைந்த செலவில் ஆள் சேர்த்து, 2002-இல் 103 ஆட்டங்களில் வென்றது. அவற்றுள் இருபது தொடர் வெற்றிகள்.

நம் கிரிக்கெட்டுக்கு இந்த முறையை அப்படியே எடுத்து வைக்கலாமா? வைக்கலாம், ஆனால் ஒரு வேறுபாட்டை உணர்ந்து வைக்க வேண்டும். பேஸ்பாலில் செலவாகும் பொருள் ஒன்று. கிரிக்கெட்டில் இரண்டு: விக்கெட்டும் பந்தும். ஐந்து நாள் டெஸ்டில், நாளொன்றுக்கு 90 ஓவர் வீதம் 2,700 பந்துகள். இரு அணிக்கும் சேர்த்து 40 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்கு 67 பந்துகளுக்கு மேல் கிடைக்கின்றன. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஒரு விக்கெட்டுக்கு 30 பந்துகள். இருபது ஓவர் ஆட்டத்திலோ 12 பந்துகள் மட்டுமே. ஆகவே டெஸ்டில் விக்கெட் அரிது, பந்து மலிவு. இருபது ஓவரில் பந்து அரிது, விக்கெட் மலிவு. அரிய பொருளைச் சிக்கனமாகச் செலவிடுபவனைக் காட்டும் அளவுகோலே அந்தந்த ஆட்டத்துக்கு நல்ல அளவுகோல். டெஸ்டுக்குச் சராசரி பெரிதும் பொருந்தும். இருபது ஓவருக்குப் பந்துக்கு எத்தனை ஓட்டம் என்ற விகிதம் முன்னே வர வேண்டும். மழையால் ஆட்டம் தடைப்படும்போது இலக்கை மாற்றியமைக்கும் டக்வர்த், லூயிஸ் முறை 1997-இல் பன்னாட்டு ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. மிச்சமுள்ள விக்கெட், மிச்சமுள்ள ஓவர் ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரே வளமாகக் கணிப்பதே அதன் உயிர்நாடி.

இந்த வேறுபாட்டை உணராத காலத்துக்கு ஒரு சான்று உண்டு. 1975-இல் முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளில், தமிழ்நாட்டின் வெங்கட்ராகவன் தலைமையில் இந்திய அணி இங்கிலாந்தை எதிர்த்தது. அறுபது ஓவரில் இங்கிலாந்து 334 ஓட்டங்கள். பதிலுக்குத் தொடக்க ஆட்டக்காரர் சுனில் கவாஸ்கர் 174 பந்துகள் ஆடி 36 ஓட்டங்களுடன் கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றார். அணி மூன்றே விக்கெட்டுகளை இழந்து 132 எடுத்து, 202 ஓட்டங்களில் தோற்றது. டெஸ்டில் அவர் பெரும் புகழ் பெற்ற மட்டையாளர், ஐயமில்லை. ஆனால் அன்றைய ஆட்டத்தால் அவருடைய சராசரிக்குக் குறைவு வரவில்லை, உயரவே செய்தது. தோல்விக்கு வழிகோலிய ஓர் ஆட்டத்தை வரவாக எழுதிக்கொள்ளும் அளவுகோலை அந்த வகை ஆட்டத்துக்கு எப்படி நம்புவது?

மறுபக்கத்தையும் பாருங்கள். 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரு அணியிலும் சேர்த்து மிகுதியான ஓட்டங்கள் எடுத்தவர் தமிழ்நாட்டின் ஸ்ரீகாந்த். எடுத்தது 38. ஒருநாள் ஆட்டங்களில் அவர் மொத்தம் எடுத்தவை 4,091, சராசரி 29.01. சராசரி ஒன்றையே பார்ப்பவர் அவரை நடுத்தரமானவர் என்று தள்ளிவிடுவார். அன்று 183 ஓட்டங்களுக்கு அடித்தளமிட்ட அந்த 38-ஐ இந்தியா தள்ளிவிட முடியுமா? வென்றது 43 ஓட்ட வேறுபாட்டில் அல்லவா?

நண்பர்களே, இங்கே உங்களை எச்சரிக்க வேண்டும். "இருபது ஓவர் ஆட்டத்தில் அணியின் பந்துக்கு ஓட்ட விகிதத்துக்கும் அதன் மொத்த ஓட்டத்துக்கும் ஒட்டுறவு கண்டேன், ஏறத்தாழ ஒன்று வந்தது!" என்று ஒருவர் மகிழலாம். வராமல் என்ன செய்யும்? எல்லா அணியும் ஏறக்குறைய 120 பந்துகள்தாம் ஆடுகின்றன. விகிதத்தை 120-ஆல் பெருக்கினால் மொத்தம். அது கண்டுபிடிப்பு அன்று. கூறியது கூறல் என்னும் குற்றம். நடந்ததை விளக்குவது வேறு. நடக்கப் போவதை முன்னறிவது வேறு. ஆகவே உண்மையான சோதனை இதுதான்: முதற்பாதி ஆட்டங்களின் எண்ணைக் கொண்டு பிற்பாதியின் ஓட்டத்தை ஊகிக்க வேண்டும். அல்லது ஒற்றைப்படை ஆட்டங்களைக் கொண்டு இரட்டைப்படை ஆட்டங்களை ஊகிக்க வேண்டும். அந்தச் சோதனையில் தேறும் அளவுகோலே தேறியது.

இரண்டாவது எச்சரிக்கை. ஐந்தாறு ஆட்டங்களில் மிக உயர்ந்து நின்றவர் அடுத்த ஆட்டங்களில் சற்றே இறங்குவதும், மிகத் தாழ்ந்தவர் சற்றே ஏறுவதும் இயல்பு. நெட்டையான பெற்றோரின் மக்கள் தம் பெற்றோரளவு நெட்டையாக இருப்பதில்லை; நடுவளவை நோக்கித் திரும்புகிறார்கள் என்று கால்டன் 1886-இல் எழுதினார். ஆட்டத்திலும் அதுவே. திறமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது. ஆட்டங்கள் குறையக் குறையத் தற்செயலின் பங்கு கூடுகிறது. என் மாணவர் இருவரையும் பத்துப் பத்து ஆட்டங்களை வைத்து முடிவு கட்டினேன் என்பதை இங்கே நினைவுகூருங்கள்.

மூன்றாவது, சூழ்நிலை. வெற்றி உறுதியான பின் எடுத்த முப்பதும், நான்கு விக்கெட் சரிந்த நிலையில் எடுத்த முப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டையும் எண்ணாக்க முயன்றவர்கள் நம் மாநிலத்திலேயே இருக்கிறார்கள். 2019-இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் அறிஞர்கள், கிரிக்கெட் செய்தித் தளமான கிரிக்இன்ஃபோவுடன் சேர்ந்து, ஓட்டம் எடுக்கப்பட்ட நேரத்தின் நெருக்கடியையும் எதிரணியின் வலிமையையும் கணக்கில் கொண்டு ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மதிப்பிடும் முறையை வெளியிட்டார்கள். கைவிட்ட பந்தால் தப்பிப் பிழைத்தல் போன்ற நற்பேற்றின் விலையையும் அளக்க முற்பட்டார்கள்.

இவையெல்லாம் பெருநகரத்துச் செய்தி என்று எண்ண வேண்டா. சேலத்தை அடுத்த வாழப்பாடியில் எழுந்த திடலில் 2022-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடந்தன. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய நடராசன், 2020 டிசம்பருக்கும் 2021 சனவரிக்கும் இடையே ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் பன்னாட்டு ஆட்டத்திலும் இந்தியாவுக்காக முதன்முறை களமிறங்கினார். அவரைப் போன்று இச்சமவெளியின் ஏரிக்கரைகளில் இன்னும் எத்தனை பேர்? அவர்கள் கண்ணில் படுவதும் படாமல் போவதும், யாரோ ஒருவர் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதும் கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கை எழுதுபவர் நீங்களாக இருக்கலாம். ஓட்டத்தை மட்டும் எழுதாதீர்கள்; ஆடிய பந்துகளையும், ஆட்டமிழந்தாரா இல்லையா என்பதையும், களமிறங்கியபோது அணி இருந்த நிலையையும் எழுதுங்கள். எழுதாமல் விட்டதை எந்தப் புள்ளியியலும் மீட்டுத் தராது.

பல ஆண்டுகளுக்குப் பின் அந்த மாணவனைச் சந்தித்தேன். சொந்தப் பட்டறை வைத்திருந்தான். என் பிழையை அவனிடம் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஐயா, ஒரு லாரிக்குக் கூண்டு கட்டும்போது நான் முதலில் கேட்பது நீளம் எவ்வளவு என்பது அன்று, அதில் எதை ஏற்றப் போகிறீர்கள் என்பதுதான்" என்றான். நான் ஒரு மணி நேரம் விரித்துரைக்கக் கூடியதை அவன் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டான். அளவு எடுப்பதற்கு முன் எதற்காக அளக்கிறோம் என்று கேட்க வேண்டும். அன்று நான் அதைக் கேட்டிருந்தால், அவனுக்கு இன்னும் ஒரு பருவமாவது ஆடக் கிடைத்திருக்கும்.